எலெக்ட்ரோலைனருக்கு ஒரு கல்வெட்டு

பேரின்பநாதன் செத்துப்போனதில் சனத்துக்கு வந்த முதல் சிக்கல், அவருக்குக் கல்வெட்டு எழுத ஆளில்லை என்பதுதான்.

கல்வெட்டு என்றதும் கோயில் சுவரில் உளியால் பொளிந்த எழுத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செத்தவரின் படத்தை அட்டையில் போட்டு, உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி என்று அச்சடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. வரலாற்றுப் பக்கத்தை அன்றைக்குச் சபையில் உரத்து வாசிப்பார்கள். மொன்றியலில் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர் யார் கண்ணை மூடினாலும், ஐயருக்குப் போன் போகிற கையோடு பேரின்பநாதனுக்கும் ஒரு போன் போகும். பகலில் அவர் சபனெல் தெருவில் உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தினாரென்றால் செத்தவர் எழும்பி நடப்பார்.

மற்றவர்கள் எழுதினால் எல்லாப் பிணமும் ஒன்றுதான்: பிறந்தார், படித்தார், மணந்தார், அன்பும் பண்பும் நிறைந்தவர், பிரிவால் வாடும் இன்னார். பேரின்பநாதன் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். அந்த ஆளுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வரியாவது இருக்கவேண்டும். "கோபக்காரர். ஆனால் பின்வளவுப் பூனைக்குச் சோறு வைக்காமல் படுக்கமாட்டார்" என்று ஒருவருக்கு எழுதினார். அந்த வீட்டார் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். வாசிக்கும்போது அந்த வரிக்குத்தான் அழுதார்கள்.

"இப்ப அவரே போயிட்டார். இனி ஆர் எழுதுறது?" என்று செத்தவீட்டில் நாலைந்து பேர் கதைத்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஜெகதீஸ்வரியின் காதில் விழுகிற மாதிரித்தான் கதைத்தார்கள். அவளுக்கு அது குத்தவில்லை. எதுவும் குத்தவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம். ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டியிருந்தது. கார் எடுக்க வழி பண்ணப் போன மனுசன் திரும்பி வரவில்லை. அவள் ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது பனி அள்ளுகிற சவள் மட்டும் பனியில் நட்டபடி நின்றது. அதன் பிறகு அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, தகனம் என்று எல்லாம் நடந்தன. எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். அழவேண்டிய இடங்கள் அவளுக்குத் தெரிந்தன. அழுகைதான் வரவில்லை. கட்டிப்பிடித்து அழ வந்த பெண்கள் அவள் தோளில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, ஒன்றும் திரும்பிக் கிடைக்காததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். சாவுத் துடக்குள்ள வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் போட்டதைச் சாப்பிட்டாள். கத்தரிக்காயும் ஒன்று, பருப்பும் ஒன்று, கடதாசியும் ஒன்று என்றிருந்தது வாய்.

கல்வெட்டு விசயத்தைப் பேரின்பநாதனின் தமையன் குணரத்தினம் கையில் எடுத்தார். அவர்தான் இவர்களைக் கனடாவுக்குப் பொறுப்பெடுத்துக் கூப்பிட்டவர். கர்க்லாண்டில் பெரிய வீடு, கோயில் நிர்வாகத்தில் ஒரு கதிரை. தம்பி இருக்கும்வரை தம்பியின் எழுத்தைப் பெரிதாக எடுக்காத மனுசன், ஒரு சனிக்கிழமை கோட்டைக் கழற்றாமலே வந்து குசினி மேசையில் இரண்டு தாளை வைத்தார்.

"நானே எழுதிப்போட்டன். துஷாந்தினி, ஒருக்கால் வாசி பிள்ளை. அம்மா கேக்கட்டும்."

மகள் துஷாந்தினி பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். ஆங்கிலத்தில் நினைத்து, பிரெஞ்சில் சண்டை பிடித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனவள் நடுவில் நின்றாள்.

"பெரியப்பா, 'சிறந்த உதைபந்தாட்ட வீரர்' எண்டு கிடக்கு. அப்பா விளையாடினவரோ?"

குணரத்தினம் இருமினார். விசயம் இதுதான். எழுதத் தெரியாத மனுசன், வீட்டில் கிடந்த பழைய கல்வெட்டு ஒன்றை எடுத்துப் பேரையும் ஊரையும் திகதியையும் மாற்றியிருக்கிறார். அது போன வருசம் செத்த ஒரு பந்தடிகாரருக்குத் தம்பி எழுதியது. தம்பியின் கைவண்ணம் தம்பிக்கே திரும்பி வந்திருக்கிறது, பந்தையும் கூட்டிக்கொண்டு.

"ஊரில எல்லாரும் விளையாடினவைதான்," என்றார். "கிடக்கட்டும். வடிவாய்த்தானே இருக்கு."

பேரின்பநாதன் வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. தன் காலுக்குள் உருண்டு வந்த பந்தைக்கூடக் கையால் எடுத்துக் கொடுக்கிறவர். இது ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருவருடைய கணவர் நன்றாகப் பந்தடித்தார். சரி, அடிக்கட்டும்.

"அவர் தன்ர கல்வெட்டுக்குத் தானே எழுதி வைச்சவர்," என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அந்த ரெயின்தான்."

குணரத்தினம் கதிரையை இழுத்து இருந்தார். "என்ன ரெயின்?"

ரயில் விசயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வந்த முதல் குளிர்காலத்தில், பிரெஞ்சு வகுப்பு தொடங்கும்வரை பேரின்பநாதன் குளிருக்கு ஒதுங்குவது நூலகத்தில். அங்கே ஒரு படப்புத்தகத்தில் எலெக்ட்ரோலைனர் என்கிற ரயிலைக் கண்டார். பச்சை நிற உடம்பு, செவ்வரி, கூழாங்கல்லைப் போல வழவழத்த முகம். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். ஒரு பொம்பிளையின் படமாக இருந்திருந்தால் ஜெகதீஸ்வரி சண்டை பிடித்திருக்கலாம். ரயிலோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது?

அது இலேசுப்பட்ட ரயில் இல்லை என்பார். ட்ராமுக்கு அண்ணன், பெரிய ரயிலுக்குத் தம்பி. ஒரு பட்டினத்துக்கும் அடுத்த பட்டினத்துக்கும் இடையில் மின்சாரத்தில் ஓடுகிற சாதி. 'ஊரிடை மின்ரயில்' என்று அதற்குத் தானே பேரும் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைக் கடந்து தென்கரையில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போவார். மொன்றியலிலிருந்து பாலத்தால் கிரான்பி வரை ஒருகாலத்தில் ஓடிய பழைய மின்ரயிலின் பெட்டி அங்கே நிற்கிறது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல பெட்டிதான். ஆனா மூஞ்சை அலுமாரி மாதிரி," என்று குறை சொல்வார். அவருடைய எலெக்ட்ரோலைனர் நிற்பது அமெரிக்காவில். போய்ப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு கோடைக்கும் சொல்வார். ரெண்டாயிரத்தொன்றுக்குப் பிறகு எல்லையில் நம்முடைய பேரையும் முகத்தையும் வைத்துக்கொண்டு போய் நிற்கப் பயம். அடுத்த கோடைக்கு என்று தள்ளித் தள்ளி, கடைசிவரை பார்க்காமலே போய்விட்டார்.

பார்க்காத ரயிலுக்கு வரலாறு எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு மாதிரித்தான். ஆகவே ரயிலுக்கும் கல்வெட்டே எழுதினார். அவள் வெங்காயம் வெட்டும்போது பின்னால் நின்று வாசித்துக் காட்டுவார். அவள் ம் ம் என்பாள். கேட்டதாகவும் சொல்லமுடியாது, கேட்கவில்லை என்றும் சொல்லமுடியாது. "நான் செத்தா இதைத்தான் போடவேணும். என்னைப்பற்றி ஆரும் எழுதிக் கெடுக்கவேண்டாம்," என்று ஒருநாள் சொன்னார். "வாயைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு போடுறன்," என்றாள் இவள்.

துஷாந்தினி மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் தேடினாள். செத்தவர்களின் பேர்கள் வரிசையாக வந்தன. அவர்களுக்கு நடுவில் ஒரு பிணம்போலவே எலெக்ட்ரோலைனரும் கிடந்தது. அவள் வாசித்தாள்.

"காற்றுக்கு வழிவிட்டுக் காற்றை வென்ற குலத்தில் உதித்தவர்கள் இவர்கள். இக்குலத்தின் மூத்தவர்கள் 1931ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ஓடத் தொடங்கிய புல்லட் என்னும் பெட்டிகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சின்ன உருவங்களைச் செய்து, காற்று ஊதும் குகைக்குள் வைத்துப் பார்த்தே அன்னாருக்கு முகம் அமைக்கப்பட்டது. எலெக்ட்ரோலைனர் இருவரும் 1941ஆம் ஆண்டு சென்ட் லூயிஸ் நகரில் இரட்டையராய் அவதரித்து, சிக்காகோவுக்கும் மில்வோக்கிக்கும் இடையில் ஓடி, பலருக்கும் பயன்பட வாழ்ந்து வந்தனர். வீதியில் கார்களோடு சேர்ந்து அடக்கமாக ஊர்வதும், வெளியே வந்தால் மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் பறப்பதுமான இரண்டு குணமும் ஒருங்கே அமையப்பெற்றவர்கள்."

குணரத்தினத்தின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. துஷாந்தினி தொடர்ந்தாள்.

"வீதிகள் அகன்றன. கார்கள் பெருகின. 1963 தை மாதத்தில் அன்னாரின் பாதை மூடப்பட்டது. இருவரும் பிலடெல்பியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். அங்கே பெயரை மாற்றி லிபர்ட்டி லைனர் என்றனர். புதிய பாதை பதினான்கு மைலுக்கும் குறைவு. வேகம் பிடிக்குமுன் அடுத்த தரிப்பு வந்துவிடும். தொண்ணூறில் ஓடப் பிறந்தவர்கள் குறை கூறாது அதிலும் ஓடினர். இன்று ஒருவர் இலினோயிலும் மற்றவர் பென்சில்வேனியாவிலும் அருங்காட்சியகங்களில் இளைப்பாறுகின்றனர்."

"முடிஞ்சுதோ?" என்றார் பெரியப்பா.

"நடுவில ஒண்டு விட்டிட்டன். விளங்கேல்லை." அவள் விரலைத் திரும்ப மேலே கொண்டுபோனாள். "அன்னாரின் பெட்டியில் எலெக்ட்ரோபேர்கர் என்னும் மாட்டிறைச்சிப் பணிஸ் விற்கப்பட்டது. அதன் ருசி அறியாமல் வரலாறு எழுதுவது நேர்மையன்று எனக் கருதி, இதை எழுதுபவர் லொங்குய்யில் ஒரு கடையில் அதுபோன்ற ஒன்றை வாங்கி அரைவாசி உண்டார். மனையாள் ஜெகதீஸ்வரி பொறுத்தருள்க."

ஜெகதீஸ்வரி திரையைப் பார்த்தாள். இந்த வரியை அவர் ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை. சம்பவம் மட்டும் அவளுக்குத் தெரியும். நாலைந்து கோடைக்கு முன், ஒரு ஞாயிறு பின்னேரம், மனுசன் அருங்காட்சியகத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "ஒரு வேலை பாத்திட்டன்," என்றார். சொன்னார். பரம்பரையில் முட்டையைக்கூடத் தனிச்சட்டியில் அவித்த வீட்டுப் பெண் அவள். கீழ்த்தளத்தில் போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னாள். அதற்குப் பிறகு நீலப்பூப் போட்ட ஒரு சாப்பாட்டுப் பீங்கானை அவருக்கென்று தனியாக எடுத்துவைத்தாள். கோபம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. பீங்கான் மட்டும் திரும்ப மற்றப் பீங்கான்களோடு சேரவில்லை. அவரும் கேட்கவில்லை. சாகிற அன்று காலையிலும் அதில்தான் புட்டுச் சாப்பிட்டார். இப்போதும் அது அலுமாரித் தட்டின் ஓரத்தில் தனியே நிற்கிறது.

"ரெயினைப் போடுறதெண்டால் போடுங்கோ," என்றார் குணரத்தினம் கடைசியில். "தம்பியின்ர ஆசை எண்டால் நான் குறுக்க நிக்கேல்லை. ஆனா அந்த வரி வேண்டாம். சைவக்காரன்ர அந்தியேட்டியில மாட்டிறைச்சியோ? கோயில் மண்டபத்தில நான் முகம் காட்டேலாது."

"பந்து இருக்கலாமோ?" என்று கேட்டாள் துஷாந்தினி.

"பந்தில என்ன பிழை?"

"அது பொய் பெரியப்பா."

"ஆருக்கும் தீங்கில்லாத பொய்."

தன் புருசன் எத்தனை பேரின் மனைவிமாரை எழுதியிருப்பார் என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். அரிசிமாவைக் கண்ணால் அளந்தே இடியப்பம் பிழியும் மனைவி, கணவனின் குறட்டைக்குப் பயந்து இரவு வேலை எடுத்த மனைவி என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி. இவளைப் பற்றி அவர் எழுதியது உலகத்தில் இந்த ஒரே இடத்தில்தான். அதுவும் ஒரு மாட்டிறைச்சிப் பணிஸுக்குப் பக்கத்தில், மன்னிப்புக் கேட்டபடி. அதை வெட்டினால் அவர் எழுத்தில் இவள் இல்லை. இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வலிக்கவில்லை, தெரிந்தது மட்டும்தான். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு ஆயுதம் படுவது தெரிவதுபோல.

"அந்த வரி வேணும் அத்தான்," என்றாள்.

"ஈஸ்வரி, நீ இப்ப ஒரு நிலையில இல்லை."

"இல்லைத்தான். வரி வேணும்."

அவர் தாள்களை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். ரயில் எழுத்தையும் துஷாந்தினியிடம் வாங்கி, அச்சகத்துக்குத் தானே எல்லாவற்றையும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லின் அர்த்தம் ஜெகதீஸ்வரிக்கு விளங்கியது. திங்கட்கிழமை காலை அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்கு நடந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு தனியாக வெளியே போவது அதுதான் முதல்தடவை.

அந்தப் பாதையில் ஓடுவதும் மின்ரயில்தான். பேரின்பநாதன் தினமும் வேலைக்குப் போய்வந்தது அதில். ஆனால் அதன்மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "சப்பாத்துப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டின மாதிரி," என்பார். காற்றை முகத்தால் இடித்துக்கொண்டு ஓடுகிறதாம், காற்றோடு பகைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடலாம் என்பார். அவள் ஜன்னலோரம் இருந்தாள். வீட்டுக் கூரைகள், பனி, மின்கம்பங்கள் என்று போயின. மலைக்குக் கீழே சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் கண்ணாடியில் அவள் முகம் வந்தது. ஒரு பழக்கமில்லாத பெண்ணைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ஸ்டேஷனில் இறங்கி, மெட்ரோ எடுத்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் விமலநாதனின் அச்சகத்தைக் கண்டுபிடித்தாள்.

விமலநாதனுக்குக் கல்யாணக் கார்ட்டும் பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அல்பமும் செத்தவீட்டுக் கல்வெட்டும் ஒரே மேசையில்தான். குரல் நல்ல குரல் என்பதால் சபையில் கல்வெட்டு வாசிக்கிறவனும் அவன்தான். அவளைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டான். திரையில் அட்டைப்படம் திறந்திருந்தது. பேரின்பநாதன் கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் போட்டுக்கொண்டு, நல்லூர்க் கோபுரத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அவரிட்டை இப்பிடிக் கோட் இல்லை தம்பி."

"தெரியும் அக்கா. எல்லாருக்கும் இந்தக் கோட்தான் போட்டுவிடுறனான்," என்றான் விமலநாதன். "அண்ணையின்ர படத்தில அவர் ரெயின் பெட்டிக்கு முன்னால ரீசேட்டோட நிண்டவர். குணரத்தினம் அண்ணை வெட்டச் சொன்னவர்."

கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. எத்தனை செத்தவர்களின் தோளில் ஏறி இறங்கிய கோட்டோ. "கோட் இருக்கட்டும்," என்றாள். "பந்தும் இருக்கட்டும். கோயிலும் இருக்கட்டும். ரெயினில ஒரு வரி வெட்டச் சொல்லியிருப்பார். அதை மட்டும் வெட்டாதையும்."

விமலநாதன் சுண்டு விரலால் காதைக் குடைந்தான். "போன் எடுத்துச் சொன்னவர்தான் அக்கா."

"அவர் எழுதின எல்லாத்தையும் நீர்தானே அடிச்சனீர். எப்பவாவது ஒரு வரி வெட்ட விட்டவரோ?"

"விடமாட்டார். கொமா மாத்தினாலும் போன் எடுப்பார்."

"அப்ப?"

"சரியக்கா. அச்சில வரும்," என்றான். அச்சில என்ற சொல்லை அவன் அழுத்திச் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. பேரின்பநாதன் ஒரு காலத்தில் தங்கள் வீட்டில் யாருக்கோ கல்வெட்டு எழுதிக் கொடுத்திருந்தபடியால், அந்த மனுசனுக்குக் கடன்பட்ட மாதிரி எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். ஐயர் கிரியைகளை முடித்து, துஷாந்தினி எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டங்கள் எடுக்கப்பட்டன. ஜெகதீஸ்வரி, ஐயர் சொன்ன இடத்தில் இருந்து, அவர் சொன்னபோது கும்பிட்டாள். கல்வெட்டு கைக்குக் கை போனது. அவள் தன் பிரதியைத் திறந்து பார்த்தாள். வரி இருந்தது. மடியில் விரித்து, அந்த இடத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டாள்.

விமலநாதன் மைக்குக்கு முன்னால் வந்து தொண்டையைச் செருமினான். உதைபந்தாட்ட வீரர் வந்தார், போனார். சனம் தலையாட்டியது. முன்வரிசையில் ஒருவர், "ஓமோம், நல்லாய் விளையாடுவார்," என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னது இவளுக்குக் கேட்டது. பிறகு ரயில் தொடங்கியது. முதலில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காற்று, குகை, மிச்சிகன், புல்லட். கல்வெட்டுப் பக்கம் மாறி அச்சடித்துப்போட்டானோ என்று சிலர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். பாதை மூடப்பட்டது, புலம்பெயர்ந்தனர், பெயரை மாற்றினர் என்று வந்ததும் மண்டபம் அமைதியானது. வேகம் பிடிக்குமுன் அடுத்த தரிப்பு என்றபோது பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். ஊரில் அரசாங்க உத்தியோகம் பார்த்து இங்கே கோப்பை கழுவினவர்கள், ஆசிரியராயிருந்து இங்கே பெட்டி தூக்கினவர்கள், எல்லோரும் தங்களைத்தான் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். குணரத்தினமே சால்வை நுனியால் கண்ணை ஒற்றினார். "தன்னைத்தான் எழுதியிருக்கிறான். இவ்வளவு நாளும் எனக்கு விளங்கேல்லை," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

இல்லை என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள். அவர் ரயிலைப்பற்றித்தான் எழுதினார். அந்த மனுசனுக்குத் துணி வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை. இந்த ஊரிலும் குறையில்லை. தன் கதையை ரயிலுக்குள் ஒளித்துவைக்கிற ஆளே இல்லை. அவருக்கு ஒரு ரயில் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மண்டபம் நிறைந்த சனத்தில் அது தெரிந்தவள் தான் ஒருத்தி என்று தோன்றியபோது, நெஞ்சுக்குள் எங்கோ எதுவோ கொஞ்சம் அசைந்தது.

அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய பெருவிரலைத் தாண்டி விமலநாதன் எப்போதோ போய்விட்டான். இலினோய், பென்சில்வேனியா, இளைப்பாறுகின்றனர். அவன் புத்தகத்தை மூடி, கண்ணைத் தாழ்த்தி, குணரத்தினம் இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தான்.

"தம்பி," என்றாள் ஜெகதீஸ்வரி. பெரிய சத்தமில்லை. ஆனால் செத்தவரின் மனைவி வாய் திறந்ததும் மண்டபம் திரும்பியது. "நடுவில ஒரு வரி விட்டிட்டீர். அதையும் வாசியும்."

"அக்கா, அது எல்லாற்ற கையிலையும் அச்சில இருக்குத்தானே."

"உம்மட வாயால வாசியும். மற்ற ஆக்களின்ர கல்வெட்டில ஒரு வரி விட்டு வாசிச்சனீரோ?"

குணரத்தினம் எழும்பப் பார்த்தார். துஷாந்தினி அவர் முழங்கையில் கை வைத்தாள். விமலநாதன் புத்தகத்தைத் திரும்பத் திறந்தான். கல்வெட்டு வாசிக்கிற அந்த இராகத்திலேயே, வேறு வழி தெரியாமல், மாட்டிறைச்சிப் பணிஸை வாசித்தான். எலெக்ட்ரோபேர்கர் என்ற சொல் மண்டபத்துக் கூரையில் பட்டுத் திரும்பியது. ஐயர் தலையைக் குனிந்து தர்ப்பையை ஒழுங்குபண்ணினார். பின்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை சிரித்தது. அரைவாசி உண்டார் என்றான். மூச்சு எடுத்தான்.

"மனையாள் ஜெகதீஸ்வரி பொறுத்தருள்க."

சபை அவளைப் பார்த்தது. விமலநாதனும் பார்த்தான். கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக நிற்கிறவன்போல நின்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதைப் போதும் என்று எடுத்துக்கொண்டு அவன் மைக்கை விட்டு இறங்கினான்.

கிரியை முடிந்து ரொக்ஸ்பரோ வீட்டுக்கு ஒரு பட்டாளம் சாப்பிட வந்தது. குணரத்தினமும் வந்தார். முகம் கொடுக்காமல் இருந்தாலும் சோற்றுக்கு இருந்தார். ஒரு மாதத் துடக்குக் கழிந்து இன்றைக்குத்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. சொந்தக்காரப் பெண்கள் சமைத்திருந்தார்கள். கடதாசிச் சாப்பாட்டுக் கோப்பைகள் முடிந்ததும் துஷாந்தினி அலுமாரியிலிருந்து பீங்கான்களை இறக்கினாள். எல்லோருக்கும் போட்டு முடிந்தபோது தாய்க்கு ஒன்று குறைந்தது.

"அம்மா, நில்லுங்கோ, ஒண்டு கழுவித் தாறன்."

"வேண்டாம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

அலுமாரித் தட்டின் ஓரத்தில் தனியே நின்ற நீலப்பூப் பீங்கானை எடுத்தாள். துஷாந்தினி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பீங்கானின் கதை அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். ஜெகதீஸ்வரி அதில் சோறு போட்டு, உருளைக்கிழங்குக் கறியும் பருப்பும் விட்டு, அவர் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்தாள். பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"கறிக்கு உப்புக் கூடிப்போச்சு," என்றாள் ஜெகதீஸ்வரி. சொல்லிவிட்டு, விழுங்கமுடியாமல், வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.